தானாடாவிட்டாலும்

எங்கள் வீட்டு மாமரத்தில் ஒரு முறை ஏறியவர்கள் மறுமுறை ஏறத் தயங்குவார்கள். காரணம் கெரெங்கா. சிவப்பாய், நெட்டைக் கால்களோடு, இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடு கட்டி வாழும் அந்த எறும்பிடம் கடி வாங்காத மலேசியர் குறைவு. கடித்த இடத்திலேயே வயிற்றை வளைத்து அமிலத்தையும் பீய்ச்சிவிட்டுத்தான் ஓயும். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் எனக்கு அது ‘செவ்வெறும்பு’. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ‘கெரெங்கா’. பல்கலைக்கழகத்தில் ‘ஓகோஃபில்லா ஸ்மராக்டினா’. ஒருநாள் நூலகத்தில் தமிழ் அகராதியைப் புரட்டியபோதுதான் ‘முசுறு’ என்று அதற்கொரு நல்ல தமிழ்ப் பெயர் இருப்பது தெரிந்தது. பெயர்கள் நான்கு. கடி ஒன்றுதான்.

2025ஆம் ஆண்டு பருவ விடுமுறையில் சூழலியல் பாடத்துக்காக ஓர் இடுபணி கொடுத்தார்கள். வீட்டருகே இருக்கும் ஏதாவது ஓர் உயிரினத்தின் நடத்தையைக் கவனித்து எழுத வேண்டும். தோழிகள் பறவை, குரங்கு என்று பெரிய பெரிய திட்டம் போட்டார்கள். நான் முசுற்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆர்வம் என்று விரிவுரையாளரிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால், சமையலறைக் கதவிலிருந்து இருபது அடி நடந்தால் மரம் வந்துவிடும். அந்த இருபது அடி என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெடா மாநிலத்தில், கூலிம் பக்கம். தாத்தா ரப்பர் தோட்டத்தில் உழைத்தவர். 1988இல் அவர் இறந்தபோது வந்த சேமநிதிப் பணத்தில் பாட்டி ஒரு துண்டு நிலம் வாங்கினார். பின்னாளில் அதில் இரண்டு வீடுகள் எழுந்தன. ஒன்றில் பெரியப்பா குடும்பம். மற்றொன்றில் பாட்டி, அப்பா, அம்மா, நான், தம்பி, அத்தை. பாட்டி 2016இல் தவறினார். அடுத்த ஆண்டே நிலத்தின் நடுவே பச்சைக் கம்பிவேலி முளைத்தது. பெரியப்பாவும் அப்பாவும் பேசுவதில்லை. நாங்களும் போவதில்லை. ‘நிலத் தகராறு’ என்று மட்டும் எனக்குத் தெரியும். அப்போது நான் படிவம் ஒன்றில் இருந்தேன். கேட்டால் திட்டு விழும் வயது.

வேலிக்கு இந்தப் பக்கம் மாமரம். அந்தப் பக்கம் பெரியப்பாவின் ரம்புத்தான் மரம். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரம். மூன்றிலும் முசுற்றுக் கூடுகள் தொங்கின. அவ்வளவுதான் என் ஆய்வுக்கூடம்.

முதல் நாள் கூடு கட்டுவதைத்தான் பார்த்தேன். நான் பார்த்தவற்றிலேயே அழகானது அது. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று ஓர் இலையின் விளிம்பைத் தாடையால் கவ்விக்கொண்டு, அடுத்த இலையை நோக்கி இழுக்கின்றன. எட்டவில்லை என்றால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகின்றன. இலைகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் கூட்டுக்குள்ளிருந்து புழுக்களைத் தூக்கி வருகின்றன. அவை குழந்தைகள். அந்தப் புழுவைத் தறியின் நாடாவைப் போல இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக மாற்றி மாற்றித் தொடுகின்றன. புழு தன் வாயிலிருந்து பட்டிழையை விடுகிறது. இலைகள் ஒட்டிக்கொள்கின்றன.

பல எறும்பினங்களில் புழு அந்த இழையால் தனக்குக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் வளரும். முசுற்றுப் புழு அப்படிச் செய்வதில்லை. தனக்கென்று இருந்த பட்டை ஊருக்குக் கொடுத்துவிட்டு, வெறும் உடம்போடு வளர்ந்து எறும்பாகிறது. நன்றாக வளர்ந்த ஒரு முசுற்றுக் குடியில் நூற்றுக்கு மேற்பட்ட இலைக்கூடுகளும் ஐந்து இலட்சம் வரை வேலைக்கார எறும்புகளும் இருக்கக்கூடும். அத்தனையும் பெண்கள். அத்தனை பேரும் உழைத்து வளர்ப்பது தங்கள் பிள்ளைகளை அல்ல, அரசியின் பிள்ளைகளை.

இது உயிரியலின் பழைய புதிர். டார்வின் 1859இல் தம் நூலை எழுதியபோதே இது அவரை உறுத்தியது. தனக்கு நன்மை தரும் பண்புகளே பிள்ளைகள் வழியே நிலைக்கும் என்றால், பிள்ளையே பெறாத எறும்பின் உழைப்புக் குணம் எப்படித் தலைமுறை தலைமுறையாக வருகிறது? தேர்வு தனியுயிரின் மீது மட்டுமல்ல, குடும்பத்தின் மீதும் நடக்கலாம் என்று அவர் விடை கண்டார். ஆனால் மரபணு என்ற ஒன்று அன்று யாருக்கும் தெரியாது.

நூறாண்டுகளுக்குப் பிறகு, 1964இல், ஹாமில்டன் என்ற ஆங்கிலேய இளைஞர் அதற்கு ஒரு கணக்கைக் கொடுத்தார். என் மரபணு என்னிடம் மட்டும் இல்லை. உடன்பிறந்தவரிடம் சராசரியாகப் பாதி இருக்கிறது. அண்ணன் பிள்ளையிடம் காற்பங்கு. சித்தப்பா மகனிடம் எட்டில் ஒரு பங்கு. ஆகவே நான் இழப்பதைவிட, உறவினர் பெறும் நன்மையை உறவளவால் பெருக்கிய தொகை அதிகமானால், அந்தத் தியாகக் குணம் மரபில் நிலைக்கும். இதை உறவுத் தேர்வு என்கிறார்கள். இதற்கு முன்பே ஹால்டேன் என்ற அறிஞர், ‘இரண்டு உடன்பிறப்புகளுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளுக்காகவோ உயிரைக் கொடுப்பேன்’ என்று வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, ஹாமில்டனின் கட்டுரை வெளிவந்த அதே 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

எறும்பு, தேனீ, குளவி இனங்களில் இன்னொரு விந்தையும் உண்டு. கருவுற்ற முட்டை பெண்ணாகிறது. கருவுறாத முட்டை ஆணாகிறது. ஆணுக்குத் தந்தையே இல்லை. அவனிடம் ஒரே ஒரு தொகுதி மரபணுக்கள்தான். அதை அப்படியே எல்லா மகள்களுக்கும் தருகிறான். அதனால் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த சகோதரிகளுக்கிடையே உறவளவு முக்கால். தான் பெறும் மகளோடு அரை. மகளைவிடத் தங்கையே நெருக்கம்! தங்கைகளை வளர்ப்பதே இலாபம் என்றால் கன்னியாகவே உழைத்துச் சாவதில் வியப்பென்ன?

இந்த முக்கால் கணக்கு மட்டுமே முழு விடை ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரையானுக்கு ஆண், பெண் இரண்டுக்கும் நம்மைப் போலவே இரட்டைத் தொகுதி மரபணுக்கள். அதுவும் பெருங்குடியாகத்தான் வாழ்கிறது. இத்தகைய குடிகள் தோன்றிய தொடக்கத்தில் அரசி ஒரே துணையோடு வாழ்ந்ததே முக்கியக் காரணம் என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2010இல் வில்சன் முதலான மூவர் உறவுத் தேர்வே தேவையில்லை என்று எழுத, 2011இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையெழுத்திட்டு மறுத்தார்கள். எறும்புக்காக மனிதர்களும் கடித்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் படித்த இரவு ஒரு காரியம் செய்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் குறிப்பேட்டில் அத்தையைக் கணக்குப் போட்டேன்.

அத்தை என் அப்பாவுக்கு அக்காள், பெரியப்பாவுக்குத் தங்கை. தாத்தா இறந்த மறு ஆண்டு, 1989இல், பதினெட்டு வயதில் பினாங்கு பாயான் லெப்பாசில் உள்ள ஒரு மின்னியல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். விடியற்காலை கம்பெனி பஸ், பாலம் தாண்டிப் பயணம், நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பொடிப்பொடிச் சில்லுகளில் குறை தேடும் வேலை. இன்றும் அதே வேலைதான். கண்ணாடி மட்டும் தடித்துக்கொண்டே போகிறது. அந்தச் சம்பளத்தில்தான் அப்பா பாலிடெக்னிக் படித்தார். பெரியப்பாவின் கல்யாணக் கடன் அடைந்தது. பெரியப்பாவின் பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிச் செலவு நடந்தது. 2021இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இணைய வகுப்புக்கு எனக்கு மடிக்கணினி இல்லை என்றபோது, ஐம்பது வயது நிறைந்ததும் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் வாங்கிக் கொடுத்தது அத்தை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ‘அவங்களுக்குப் பிடிக்கல’ என்று வீட்டில் சொல்வார்கள்.

கணக்கு இப்படி வந்தது: அண்ணன், தம்பி பிள்ளைகள் நான்கு பேர். ஒவ்வொருவரும் காற்பங்கு. ஆக மொத்தம் ஒன்று. சொந்தமாக இரண்டு பிள்ளை பெற்றிருந்தாலும் அதே ஒன்றுதான். கணக்கு ஈடாகிவிட்டது. பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். ஏதோ தவறு செய்துவிட்டது போல் உடனே அழித்தேன்.

பிறகு விரிவுரையாளரிடம் இதைப் பொதுவாகச் சொல்லிக் கேட்டபோது அவர் சிரித்தார். “அந்த அத்தை இல்லாவிட்டால் பிறந்திருக்காத, பிழைத்திருக்காத பிள்ளைகளை மட்டுமே நீங்கள் எண்ண வேண்டும். மடிக்கணினி கணக்கில் வராது” என்றார். கணக்கே தவறு. ஆனால் என்னை உறுத்தியது அந்தத் தவறு அல்ல. அத்தையின் வாழ்க்கை இப்படி ஒரு வட்டத்துக்குள் அடங்கியதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் உறுத்தியது.

அடுத்த கட்டம் சண்டை. ஒரு மரத்து எறும்பை மெல்லிய குச்சியில் ஏற்றி இன்னொரு மரத்து எறும்புகளிடையே விட வேண்டும். கொய்யா மரத்து எறும்பை மாமரத்தில் விட்டேன். இரண்டு உணர்கொம்புகள் தொட்டன. அவ்வளவுதான். ஆளுக்கொரு காலைக் கவ்வி நாலா பக்கமும் இழுத்து, அந்த எறும்பைத் தோலை ஆணியடித்துக் காயப்போட்டதைப் போல் விரித்துப் பிடித்தார்கள். மூன்று முறை செய்தேன். நான்காவது முறை செய்ய மனம் வரவில்லை.

எறும்பு உறவை எப்படி அறிகிறது? மரபணுவை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. எறும்பின் தோலின்மேல் மெழுகு போன்ற பொருள்களாலான ஒரு படலம் இருக்கிறது. அதுதான் குடியின் வாசனை. அதில் பிறப்போடு வந்த பங்கும் உண்டு. ஒருவருக்கொருவர் வாயோடு வாய் உணவு ஊட்டி, நக்கிச் சுத்தம் செய்து, ஒரே கூட்டில் புழங்கிச் சேர்த்த பங்கும் உண்டு. வாசனை ஒத்தால் உறவு, மாறினால் பகை. அடிமை பிடிக்கும் எறும்பினங்கள் வேறு இனத்தின் கூட்டுப்புழுக்களைத் திருடி வந்து வளர்க்கின்றன. அவை பொரிந்ததும் திருடியவர்களையே உறவென்று எண்ணி உழைக்கின்றன. மறுபுறம், ஒருவகைத் தச்செறும்பைச் சில வாரங்கள் தனியாகப் பிரித்து வைத்துவிட்டுத் திரும்பக் கூட்டில் விட்டால், பழைய சொந்தங்களே அதை அந்நியமாக நடத்தக்கூடும். இரத்தம் மாறவில்லை. ஒன்றாக உண்ட வாசனைதான் போய்விட்டது.

முசுற்றின் போர்முறையும் விசித்திரமானது. குடியின் எல்லையில் காவல் கூடுகள் இருக்கின்றன. அங்கே வாழ்பவை வயதான எறும்புகள். மனிதர் இளைஞர்களைப் போருக்கு அனுப்புகிறார்கள், முசுறு தன் கிழவிகளை அனுப்புகிறது என்ற பொருளில் ஹோல்டோப்ளரும் வில்சனும் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அருகிலேயே போர்னியோக் காட்டில் இதற்கும் மேலே போகும் எறும்புகள் உண்டு: எதிரி நெருங்கினால் தன் வயிற்றைத் தானே வெடித்து, ஒட்டும் மஞ்சள் நஞ்சை அதன்மேல் கொட்டிவிட்டுச் சாகும். புரூணைக் காட்டிலிருந்து அத்தகைய ஓர் இனத்தை 2018இல் புதிதாக விவரித்துப் பெயரிட்டார்கள். கூட்டுக்குள் அன்பு எவ்வளவோ, கூட்டுக்கு வெளியே வெறியும் அவ்வளவு. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. பல விலங்குகள் பக்கத்து எல்லைக்காரனோடு நாளடைவில் சமாதானமாகி, முன்பின் தெரியாதவனையே அதிகம் தாக்கும். ஆஸ்திரேலியாவில் முசுற்றை ஆராய்ந்தவர்கள் 2010இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறு. தூரத்துக் குடியைவிடப் பக்கத்துக் குடியைத்தான் அவை எளிதில் இனங்கண்டு கடுமையாகத் தாக்கின. நாள்தோறும் உரசுபவன், உன் நிலத்தைப் பிடிக்கக் கூடியவன் பக்கத்தில் இருப்பவன்தான். இதைப் படித்தபோது ‘பங்காளி’ என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் ‘கசின்’ என்றும் மலாயில் ‘செபுபு’ என்றும் ஒரே சொல்லில் முடிந்துபோகிற உறவை நாம் பிரித்து வைத்திருக்கிறோம். மாமன் மகன் மச்சான். பெரியப்பா மகன் அண்ணன், ஆனால் பங்காளி. மரபணுக் கணக்கில் இருவரும் எட்டில் ஒரு பங்குதான். மச்சானோடு நிலத்தில் பங்கில்லை, பங்காளியோடு பங்குண்டு. பங்கு இருக்கிற இடத்தில்தான் வேலியும் வருகிறது.

மிச்சமிருந்தது ரம்புத்தான் மரம். அதன் கூடுகள் உயரத்தில் இருந்தன. மரமோ வேலிக்கு அந்தப் பக்கம். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் பகல், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம், சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன். எட்டு ஆண்டுகள். பக்கத்து வீடு.

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வேலி வழியாகத் தினமும் பார்த்த தலைதான். அருகில் பார்க்கும்போது வேறாக இருந்தது.

“யாரு, பாப்பாவா? உள்ள வா. பசியாறிட்டியா?”

எறும்பு பிடிக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். வேறொருவர் என்றால் சிரித்திருப்பார். பெரியப்பா ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் போய் மர ஏணியைத் தோளில் தூக்கி வந்து ரம்புத்தான் மரத்தில் சாய்த்தார். “ஒரு படி ஆடும், பாத்து ஏறு” என்று சொல்லி, நான் இறங்கும் வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கால்களில் முசுறு ஏறிக் கடித்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

ரம்புத்தான் எறும்புகளைக் குப்பியில் எடுத்து வந்து மாமரத்தில் விட்டேன். சண்டையை எதிர்பார்த்துக் கைப்பேசியில் படம் பிடிக்கத் தயாராக இருந்தேன். உணர்கொம்புகள் தொட்டன. ஒன்று வாயைத் திறந்தது; மற்றது ஒரு துளி உணவு ஊட்டியது. பிறகு தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டன. திரும்பத் திரும்பச் செய்தேன். ஒரே முடிவு. அன்று மாலை வேலியருகே குனிந்து பார்த்தபோது கம்பிவலையின் மேல்விளிம்பில் இருபுறமும் போய்வந்துகொண்டிருந்த சிவப்பு வரிசை கண்ணில் பட்டது. மாமரமும் ரம்புத்தானும் ஒரே குடி. அப்பா போட்ட வேலி அவர்களுக்குப் பாலம். எங்கள் கொல்லையிலேயே இருந்த கொய்யா மரம்தான் பகைக் குடி.

இடுபணியின் கடைசிப் பகுதிக்காகத் தேனீயைப் பற்றிப் படித்தேன். அங்கேதான் என் கணக்கு முற்றிலும் உடைந்தது. தேனரசி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறாள். ஆகவே வேலைக்காரத் தேனீக்களில் பலரும் மாற்றாந்தந்தைச் சகோதரிகள். வேலைக்காரத் தேனீ கூடாமலேயே முட்டையிட முடியும், அது ஆணாகும். சில தேனீக்கள் இடவும் செய்கின்றன. அந்த முட்டைகளை மற்ற வேலைக்காரத் தேனீக்கள் தேடிப் பிடித்துத் தின்றுவிடுகின்றன. அரசியின் முட்டைகளை விட்டுவிடுகின்றன. 1989இல் ராட்னிக்ஸ், விஷர் என்ற இருவர் இதைக் காட்டினார்கள். 2006இல் குளவிகளும் தேனீயுமாகப் பத்து இனங்களை ஒப்பிட்ட ஆய்வு இன்னும் கூர்மையாகச் சொன்னது: எந்த இனத்தில் இந்தக் காவல் கடுமையோ, அங்கேதான் வேலைக்காரிகள் மிகக் குறைவாக முட்டையிடுகிறார்கள். உறவு நெருக்கத்தால் மட்டும் வந்த தியாகம் அல்ல. முட்டையிட்டும் பயனில்லை என்பதால் வந்த தியாகம். அதற்கு அறிஞர்கள் வைத்த பெயர், கட்டாயப்படுத்தப்பட்ட பிறர்நலம்.

அந்தச் சொற்றொடரை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, பகலில் தூங்கி எழுந்து, சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார் அத்தை.

“அத்த, உங்களுக்குக் கல்யாணம் பிடிக்கலன்னு சொல்றாங்களே, நிஜமா?”

கரண்டி நின்றது. “யாரு சொன்னா?”

“எல்லாரும்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஏதோ அடுத்த வீட்டுக் கதையைப் போலச் சொன்னார். 1995இல் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். நல்ல மனிதர், பஸ்ஸில் பார்த்த முகம்தான். பெரியப்பா, குடுத்துடலாம் என்றார். பாட்டி, தம்பி படிப்பு முடியட்டும் என்றார். தம்பி, அதாவது என் அப்பா, ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரன் வந்தபோது வீட்டுக் கடன். அதற்கடுத்த வரன் வரவில்லை.

“அப்ப அந்த வேலி?”

“உன் பாட்டி போனதும் உன் பெரியப்பா, தங்கச்சி பேர்லயும் ஒரு பங்கு எழுதணும்னாரு. உங்கப்பா, அக்கா எங்க கூடத்தானே இருக்கு, தனியா எதுக்குப் பங்குன்னாரு. அக்கா சம்பளத்துல தின்னவன்தானேன்னு உன் பெரியப்பா ஒரு வார்த்தை விட்டுட்டாரு. அதான்.”

எட்டு ஆண்டுகளாக நிலத்தகராறு என்று நான் நினைத்திருந்தது இதுதான். சண்டை நிலத்துக்காக இல்லை, அத்தைக்காக. இரண்டு தம்பி தமையன்களும் அத்தையைப் பற்றித்தான் சண்டையிட்டார்கள். அத்தையிடம் மட்டும் எதையும் கேட்கவில்லை.

“உங்களுக்குக் கோபமே இல்லையா அத்த?”

அத்தை தேநீரை என் பக்கம் தள்ளினார். “குடுத்ததுக்கு எனக்கு வருத்தம் இல்லம்மா. கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். ஆனா யாரும் கேக்கல பாரு.”

நண்பர்களே, ஹாமில்டனின் கணக்கில் இதற்கு இடம் இல்லை. எறும்பை யாரும் கேட்பதில்லை. அது மறுப்பதும் இல்லை. மரபணு எப்படி நிலைக்கிறது என்பதைத்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு ‘இயற்கையே அப்படித்தான்’ என்று ஒரு மனிதரின் முப்பத்தாறு ஆண்டுகளுக்கு வட்டம் போட்டு மூடியது நான். எறும்பிடமிருந்து உழைப்பையும் ஒற்றுமையையும் கற்றுக்கொள் என்று தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதியிருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கிறேன். அந்த ஒற்றுமைக்குப் பின்னால் தின்னப்பட்ட முட்டைகள் இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாட்டி கெட்டவர் இல்லை. அப்பாவும் கெட்டவர் இல்லை. குடும்பம் கரையேற வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த முட்டையைத் தின்றது அன்புதான்.

ஏணி இரண்டு நாள் எங்கள் பக்கமே இருந்தது. கூடுகளை அளக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பெரியப்பாவே வேலிக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்திருந்தார். அப்பா வேலை முடிந்து வந்தவர் மாமரத்தடியில் அதைப் பார்த்துவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அருகில் போய்க் கையால் அசைத்துப் பார்த்தார்.

“அவரு ஏணிதானே?”

“ஆமாம்பா.”

“படி ஆடுது.”

வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் படியை அடித்து இறுக்கினார். ஏறி நின்று பார்த்தார். “கொண்டு போயி குடுத்துடு. வயசான காலத்துல விழுந்து வைக்கப் போறாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தானே கொண்டுபோகவில்லை. இன்றுவரை பேசவும் இல்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று பாட்டி அடிக்கடி சொல்வார். அன்று சமையலறைச் சன்னலோரம் நின்ற அத்தையும் அந்தச் சுத்தியல் சத்தத்தைக் கேட்டிருப்பார்.

இடுபணிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதில் அத்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கே இடமும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அத்தை பெயரில் ஒரு பங்கு என்ற பேச்சை நான் அப்பாவிடம் எடுத்தாக வேண்டும். இதழ் அச்சாகி வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அத்தையிடமே முதலில் கேட்பேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அத்தையோ, சித்தியோ, மாமாவோ இருக்கலாம். விடுமுறைக்குப் போகும்போது ஒரு தேநீர் கலக்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். எறும்புக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. நம்மால் கேட்க முடியும்.